பழைய குரோஷே விரிப்புகளையும் தேநீர்ச் சாமான்களையும் வீட்டில் எப்படி வைப்பது?

குடும்பத்தில் கைமாறி வந்த ஒரு பெட்டி நிறைய குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னிச் செய்த) விரிப்புகளும், ஜோடி கலைந்த தேநீர்க் கோப்பைகளும், மூடி இல்லாத ஒரு கெண்டியும் உங்களிடம் இருப்பதாகவும், அவற்றைக் கொண்டு வீட்டை அலங்கரிக்க விரும்பினாலும் அறை பழைய சாமான் கடையைப் போல ஆகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளித்துப்போன விரிப்புகளைத் தேநீரில் தோய்த்து ஒரே நிறமாக்கலாமா, கிழிந்தவற்றை வெட்டி வேறு பொருளாகத் தைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின் இரண்டு கேள்விகளுக்கும் விடை சுருக்கமானது: பழைய விரிப்பைத் தேநீரில் தோய்க்க வேண்டாம், கத்திரியை எடுப்பதற்கு முன் அதைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். காரணங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவைப்படுகிறது.

குரோஷே வேலைப்பாட்டில் நூலைக் காட்டிலும் நூலுக்கு இடையே விடப்பட்ட இடைவெளிதான் வடிவத்தை உருவாக்குகிறது. பூவும் இலையும் தெரிவதற்குக் காரணம், கண்ணிகளுக்குப் பின்னால் வேறொரு நிறமோ வெளிச்சமோ இருப்பதே ஆகும். எனவே ஒரு விரிப்பை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது, அதன் பின்னணி என்ன என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். வெளிர் நிற மர மேசையின் மேல் வெண்ணெய் நிற விரிப்பைப் போட்டால், பல வாரங்கள் உழைத்துப் பின்னிய கோலம் முழுவதும் மறைந்து, ஏதோ ஒரு துணி கிடக்கிறது என்ற எண்ணமே மிஞ்சும். அதே விரிப்பைக் கருநீலம், அடர்பச்சை, கருஞ்சிவப்பு ஆகியவற்றில் ஒன்றின் மேல் வைத்தால் ஒவ்வொரு கண்ணியும் எழுந்து தெரியும். பழைய சாமான் கடையின் தோற்றம் பொருள்களின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. எந்தப் பொருளும் தெளிவாகத் தெரியாதபடி ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஆகவே ஓர் அறைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டினால் போதும். எஞ்சியவை பெட்டியில் இருக்கட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இப்படி மாற்றுவது துணியின் ஆயுளுக்கும் நல்லது.

சுவரில் மாட்டுவதாக இருந்தால், சிறந்த ஒரு விரிப்பைத் தேர்ந்தெடுத்துச் சட்டமிடுங்கள். சாயம் போகாது என்று ஈரத்துணியால் துடைத்துச் சோதித்த பருத்தி அல்லது லினன் துணியை அமிலமற்ற அட்டையின் மேல் இழுத்துப் பொருத்தி, அதன் மேல் விரிப்பை வைத்து, மெல்லிய பருத்தி நூலால் ஆங்காங்கே தையல் போட வேண்டும். ஊசி பழைய நூலைத் துளைக்கக் கூடாது. கண்ணியின் தண்டைச் சுற்றிக் கீழிறங்க வேண்டும். மையத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கிச் சென்றால் வடிவம் கோணாது. பசை, இரட்டைப்பக்க டேப், ஸ்டேப்ளர் பின் ஆகிய மூன்றும் இங்கே கூடவே கூடாது. பசை காலப்போக்கில் பழுப்பேறி நூலோடு இறுகிவிடும். இரும்புப் பின் துருவேறிக் கறையை விட்டுச்செல்லும். கண்ணாடி போடுவதாக இருந்தால் அது விரிப்பைத் தொடாதபடி இடையில் ஓர் இடைவெளிச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் விரிப்பை நேரடியாக அழுத்தி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது அழகாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் சிக்கிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும், மரத்தின் அமிலமும் பருத்தியைப் பழுப்பாக்கும்.

வெளிச்சத்தைப் பின்னணியாகக் கொள்வது இன்னொரு வழி. சன்னலிலும் விளக்குக் கூட்டிலும் குரோஷே அழகாகத் தெரிவதற்குக் காரணம், துளைகள் ஒளிர்ந்து நூல் நிழலாக மாறுவதே. ஆனால் வெயில் பருத்தி நூலின் வலுவைக் குறைக்கும், அந்தச் சேதத்தைத் திருத்த முடியாது. அருங்காட்சியகங்கள் பழந்துணிகளைப் பெரும்பாலும் 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில்தான் வைக்கின்றன. நேர்வெயில் விழும் சன்னலில் இருக்கும் வெளிச்சம் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். எனவே சன்னலுக்குப் புதிதாகப் பின்னிய அல்லது மதிப்புக் குறைந்த துண்டைப் பயன்படுத்துங்கள். பழைய நல்ல விரிப்பு நேர்வெயில் எட்டாத உள்சுவருக்கு உரியது. தொங்கவிடும்போது எடையையும் கவனிக்க வேண்டும். பெரிய வட்ட மேசைவிரிப்பை இரண்டு ஆணிகளில் மாட்டினால், தன் எடையாலேயே அது கீழ்நோக்கி நீண்டு முட்டை வடிவமாகும். பின்புறம் முழு அகலத்துக்கும் ஒரு துணிக்குழல் தைத்து, அதில் கம்பியைச் செருகினால் எடை பரவலாகத் தாங்கப்படும். விளக்குக் கூட்டைச் சுற்றிப் போர்த்துவதாக இருந்தால் அதிகம் சூடேறாத எல்இடி விளக்கு மட்டுமே பொருந்தும், அதிலும் துணி விளக்கைத் தொடக் கூடாது.

இனி, பெட்டியில் உள்ளவை எவை என்று பிரித்தறிய வேண்டும், ஏனெனில் எதை எங்கே வைக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. குரோஷே ஒரே ஒரு கொக்கி ஊசியால், ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணியை இழுத்துப் பின்னப்படுவது. வட்ட விரிப்பின் மையத்தில் ஒரு சிறு சங்கிலி வளையம் இருக்கும்; ஒவ்வொரு சுற்றும் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்பதற்கான மெல்லிய சாய்கோடு ஒன்று மையத்திலிருந்து விளிம்பு வரை ஓடும். அதைக் கண்டுபிடித்தால் கைவேலை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். உண்மையான குரோஷேயைப் பின்னும் இயந்திரம் ஆலைப் புழக்கத்தில் இல்லை. குரோஷேயைப் போலத் தோன்றும் ஆலைத் துணிகள் வேறு வகைப் பின்னலால் ஆனவை, அவற்றில் இந்தக் கோடு இருக்காது. சிறு முடிச்சுகளால் ஆன வளையங்களும் விளிம்பில் குட்டிக் கண்ணிகளும் இருந்தால் அது டாட்டிங் எனப்படும் வேறொரு கலை. நீண்ட V வடிவக் கண்ணிகள் வரிசையாக ஓடினால் அது இரண்டு ஊசிப் பின்னல். ஓர் இழை அறுந்தாலும் ஏணிபோல் கீழே ஓடிவிடும் என்பதால் அதைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை.

குரோஷேயிலேயே சில வகைகள் எளிதில் அடையாளம் தெரியும். வரைதாளில் சில கட்டங்களை நிரப்பி, சிலவற்றைக் காலியாக விட்டதுபோல் இருப்பது ஃபிலே குரோஷே. மயில், ரோஜா, எழுத்துகள், தேநீர்க் கெண்டி என உருவங்களைக் காட்டுவதற்கு அதுவே பெரிதும் பயன்பட்டது. சதுரக் கட்டமைப்பு உடையதால் மற்ற வகைகளைவிட அது நேராகத் தொங்கும், சுவருக்கு ஏற்றது. கூர்முனை நோக்கிக் குறுகும் அன்னாசி வடிவங்கள் வட்டமாகச் சூழ்ந்திருந்தால், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிதும் விரும்பப்பட்ட கோலம் என்று கொள்ளலாம். தனித்தனியாகப் பின்னப்பட்டுப் புடைத்து நிற்கும் ரோஜாக்களும் மூவிலைகளும் வலை போன்ற பின்னணியால் இணைக்கப்பட்டிருந்தால் அது ஐரிஷ் குரோஷே பாணி. 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது, வருமானம் இழந்த குடும்பங்களுக்கு ஒரு பிழைப்பாகக் கற்பிக்கப்பட்டுப் பரவியது அந்தப் பாணி. அத்தகைய துண்டு உங்கள் பெட்டியில் இருந்தால் அதை மேசையில் போடாதீர்கள், சட்டமிடுங்கள். நூலின் மினுமினுப்பும் ஒரு தடயம்தான். பருத்தி நூலைக் காரக் கரைசலில் பதப்படுத்தும் முறையை ஜான் மெர்சர் 1844-இல் கண்டறிந்து 1850-இல் காப்புரிமை பெற்றார். பட்டுப் போன்ற பளபளப்பு தரும் வகையில் நூலை இழுத்துப் பிடித்துப் பதப்படுத்தும் முறை 1890-ஐ ஒட்டித்தான் வந்தது. எனவே பளபளக்கும் பருத்தி நூலால் ஆன விரிப்பு அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும்.

மஞ்சள் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழுப்பாகத் தெரிவதெல்லாம் கறை என்று நினைக்க வேண்டாம். ஏக்ரு எனப்படும் வெளிர் பழுப்பு நூலையே விரும்பி வாங்கிப் பின்னினார்கள். இறுக்கமான ஒரு பின்னலைச் சற்றே விலக்கி, வெளிச்சம் படாத உட்பகுதியைப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் அது நூலின் இயல்பான நிறம், அதை வெளுக்க முயல்வது வீண்வேலை. மடிப்புக் கோடுகளில் மட்டும் அடர்ந்தும், திட்டுத் திட்டாகவும் இருந்தால் அது காலத்தின் மஞ்சள். பருத்தியின் செல்லுலோஸ் சிதையும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் அதற்குக் காரணம். அவற்றில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரையும். ஆதலால் கழுவுவது அழகுக்கு மட்டுமன்றி நூலின் ஆயுளுக்கும் தேவை.

கழுவும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான விரிப்புகள் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். முதலில் அறுந்த இழைகளைத் தேடி, அதே பருமனுள்ள பருத்தி நூலால் விடுபட்ட கண்ணிகளைக் கோத்து நிறுத்துங்கள். கழுவிய பிறகு தைக்கலாம் என்று விட்டால், தண்ணீரில் நனைந்து கனத்த துணி அந்த ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். வண்ண நூல் இருந்தால் நனைத்த வெள்ளைப் பஞ்சை அதன் மேல் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் தண்ணீரில் போடாதீர்கள். மற்றவற்றை ஒரு வலைத்துணியின் மேல் பரப்பி, அகலமான வெள்ளைத் தட்டில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் மூழ்க வையுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு மாறுவதைக் காணலாம். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மீண்டும் ஊறவைக்க வேண்டும். நிறம் இறங்குவது குறைந்த பிறகே காரமற்ற மென்மையான சோப்புத் திரவத்தைச் சேர்க்க வேண்டும். கசக்காமல், உள்ளங்கையால் மேலிருந்து மெல்ல அழுத்தி விடுவித்தாலே போதும். வெளியே எடுக்கும்போது விரிப்பைப் பிடிக்காமல் வலைத்துணியின் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்குங்கள். நனைந்த பழம்பருத்தி தன் எடையைத் தானே தாங்கும் என்று நம்பக் கூடாது. சோப்பு முழுவதும் போகும்வரை அலசி, கடைசி அலசலுக்கு வாலை வடிநீர் கிடைத்தால் நல்லது.

மஞ்சள் இன்னும் போகவில்லை என்றால், பருத்திக்கும் லினனுக்கும் மட்டும் ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட்டைக் குறைந்த அளவில் பயன்படுத்தலாம். பட்டு, கம்பளி நூல்களுக்கு அது ஆகாது. குளோரின் பிளீச் எதற்குமே வேண்டாம். அது நூலை அரிப்பதோடு, துருக்கறை இருந்தால் அதை நிலைப்படுத்தியும் விடும். துருக்கறைக்கு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிதளவு தடவி, உடனே நன்றாக அலசலாம். எல்லாக் கறையும் போயாக வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிடுவதே மேல். சட்டத்தில் வைக்கும்போது கறையுள்ள ஓரத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

பிறகு வடிவம் அமைக்க வேண்டும். ஒரு தாளில் பென்சிலால் ஒரே மையத்திலிருந்து பல வட்டங்களும், அவற்றைச் சம பாகங்களாகப் பிரிக்கும் கோடுகளும் வரைந்து, அதை தெர்மாகோல் பலகையின் மேல் வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஈர விரிப்பின் மையத்தை அந்த மையத்தில் குத்தி, எதிரெதிர் முனைகளாக இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் நிறுத்துங்கள். காய்ந்து ஊசிகளை எடுக்கும்போது, சுருங்கிக் கிடந்த கோலம் பின்னப்பட்ட நாளின் அளவுக்குத் திரும்பியிருக்கும். அலை அலையாக நிற்கும் விளிம்புள்ள விரிப்புகளுக்கு முன்பு கஞ்சியோ சர்க்கரைப் பாகோ ஊட்டி விறைப்பாக்கினார்கள். சர்க்கரை எறும்பையும், கஞ்சி ராமபாணப் பூச்சியையும் அழைக்கும். ஆகவே காட்சிக்கு வைக்கும் காலத்தில் மட்டும் மெல்லிய கஞ்சி போட்டு, பெட்டிக்குள் வைக்கும் முன் கழுவி நீக்கிவிட வேண்டும்.

இப்போது தேநீரில் தோய்க்கும் கேள்விக்கு வருகிறேன். தேயிலையில் உள்ள டேனின்கள் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் பருத்தியில் தாமாகவே பற்றிக்கொள்பவை, எனவே நிறம் எளிதில் ஏறும். சிக்கல் என்னவென்றால், நீங்கள் இவ்வளவு நேரம் அலசி வெளியேற்றிய அமிலத்தன்மையை வேறொரு வடிவில் திரும்ப ஏற்றுகிறீர்கள். துணியிலோ தண்ணீரிலோ இரும்பு இருந்தால் டேனினுடன் சேர்ந்து கருமை பாய்வதோடு, நூல் சிதைவதும் விரைவுபடும். திட்டுகளும் மறையாது, ஏற்கெனவே அடர்ந்த இடம் மேலும் அடர்ந்து, வேறுபாடு அப்படியே நிற்கும். எனவே இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: புதிதாகப் பின்னிய வெண்பருத்தித் துண்டுகளைத் தோய்த்து, அவற்றின் நிறத்தைப் பழையவற்றுக்கு அருகே கொண்டுவாருங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் நான்கைந்து தேயிலைப் பைகளைக் கால்மணி நேரம் ஊறவைத்து எடுத்துவிட்டு, முன்பே நனைத்துப் பிழிந்த துண்டை அதில் மூழ்க வைத்து அடிக்கடி புரட்ட வேண்டும். தூள் பயன்படுத்தினால் நன்றாக வடிகட்டுங்கள், துகள் ஒட்டிய இடத்தில் புள்ளி விழும். இரும்புப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர் போதும். காய்ந்ததும் நிறம் ஒரு படி இறங்கும் என்பதால், வேண்டியதைவிடச் சற்று அடர்வாக இருக்கும்போது எடுக்கலாம். பளபளப்பான பதப்படுத்திய நூல் சாதாரண நூலைவிட வேகமாக நிறம் பிடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு ஒரே நிறத்தை எதிர்பார்க்க முடியாது.

தேநீர்ச் சாமான்களும் குரோஷேயும் ஒன்றாகப் பொருந்துவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா 1840-ஐ ஒட்டிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பிற்பகல் தேநீர் வழக்கமும், வீட்டுப் பெண்கள் குரோஷே பின்னும் வழக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பரவின. தட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு, கெண்டிக்கு ஓர் உறை, பால் சாடிக்கு ஒரு மூடி என்று ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகவே பின்னப்பட்டது. நாற்காலியின் தலைப்பகுதியில் போடப்பட்ட விரிப்புகூட, அந்நாளில் ஆண்கள் பூசிய மக்காசர் தலைமயிர் எண்ணெய் மெத்தையில் படியாமல் இருப்பதற்காக வந்ததுதான். என் கருத்தில் அலங்காரத்துக்கான சிறந்த வழிகாட்டி இதுதான்: எந்த வேலைக்காக ஒரு பொருள் பிறந்ததோ அந்த வேலைக்கு அருகில் அதை வையுங்கள். கெண்டி உருவம் வரைந்த பலகை, கோப்பை வடிவக் கடிகாரம், தேநீரைப் பற்றிய வாசகம் எழுதிய தோரணம் என்று கடையில் கிடைப்பதையெல்லாம் சேர்ப்பதைவிட, உண்மையான ஒரு தட்டு, ஒரு கெண்டி, இரண்டு கோப்பை, ஒரு பால் மூடி ஆகியவற்றைச் சுவரோரச் சிறுமேசையில் வைப்பது எவ்வளவோ மேல்.

அந்தப் பால் மூடி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனிலும், குறிப்பாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளிலும், பாலில் ஈ விழாமல் இருக்க உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்ட வலையைச் சாடியின் மேல் போட்டு வைத்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க அதன் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி மணிகளோ சிறு சிப்பிகளோ கோக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் நடுவே விரல் நுனி அளவில் ஒரு கோப்பையும் சாசரும் குரோஷேயிலேயே பின்னப்பட்டுப் புடைத்து நிற்கும். கைப்பிடி வளையம்கூட விட்டுப்போயிருக்காது. இதைப் போன்ற ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், ஆணியில் மாட்டாமல், வெறும் சாடி ஒன்றின் மேல் போட்டு வையுங்கள். மணிகள் கீழே தொங்கும்போதுதான் அதன் வடிவம் விளங்கும். மணிகளைத் தாங்கும் நூல்தான் முதலில் இற்றுப்போகும், ஆகவே கழுவுவதற்கு முன் ஒவ்வொரு மணியையும் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பழையது கிடைக்காதவர்கள் புதிதாகப் பின்னுவதற்கும் இது எளிய பொருள்தான்: மெல்லிய பருத்தி நூல், சிறிய எஃகுக் கொக்கி, கடைசிச் சுற்றுக்குத் தேவையான மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துக்கொள்ளும் பொறுமை, இவ்வளவே வேண்டும்.

கெண்டி உறையைப் பொறுத்தவரை, பிரிட்டனில் அது புழக்கத்தில் இருந்ததற்கான பதிவு 1867-லேயே கிடைக்கிறது. காட்சிக்கு மட்டும் வைப்பதானால் பழைய உறையே போதும். மூடி இல்லாத உங்கள் கெண்டிக்கு அது ஒரு வரப்பிரசாதம், உறை போட்டுவிட்டால் மூடி இல்லாதது தெரியாது. சூட்டைக் காக்க வேண்டும் என்றால், துளைகள் நிறைந்த குரோஷே தனியாக அந்த வேலையைச் செய்யாது. உள்ளே கம்பளியோ தடித்த பருத்தியோ வைத்துத் தைக்க வேண்டும். பழைய பின்னல் குறிப்புகளைப் பார்த்துப் புதிதாகப் பின்னுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பது பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷே, அமெரிக்க டபுள் பிரிட்டிஷ் ட்ரெபிள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் உறையின் அளவு கெண்டிக்குப் பொருந்தாமல் போய்விடும்.

ஜோடி கலைந்த கோப்பைகளை ஒன்றாகக் காட்ட, கோலத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். வெவ்வேறு பூக்கள் இருந்தாலும் எல்லாவற்றிலும் நீலம் ஓடினால் அவை ஒரு குடும்பமாகிவிடும். ஒவ்வொரு சாசரிலும் ஒரு சிறு குரோஷே வட்டம் வைத்தால் கோப்பை வழுக்காது, உரசல் சத்தமும் இராது. மெருகில் மயிரிழை விரிசல் விழுந்தவற்றையும், மெருகின் மேல் வரைந்த வண்ணம் உதிர்பவற்றையும் குடிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். பழைய மெருகுகளில் ஈயம் இருக்கக்கூடும். விரிசல் விழுந்த கோப்பையில் மெழுகு ஊற்றி விளக்காக்குவதும் ஆபத்து, சூட்டில் பிளக்கலாம். நல்ல கோப்பையில் மெழுகுத் திரி ஏற்றினாலும், குரோஷே விரிப்பை அதன் அருகில் எங்கும் வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள பருத்திப் பின்னலில் தீ நொடியில் பரவும். செடி வைப்பதற்குக் கோப்பை ஏற்றதுதான், ஆனால் அடியில் துளை இல்லையென்றால் வேர் அழுகும். வைரத்தூள் பதித்த துரப்பண முனையால், தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளையிடலாம். பரம்பரைக் கோப்பையில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது, சிறிய தொட்டியை உள்ளே இறக்கி வைத்துவிடுவேன்.

கைவினையில் ஈடுபாடு இருந்தால், பயன்படுத்திய தேயிலைப் பைகள் ஓர் அருமையான மூலப்பொருள். அந்தத் தாளில் பெரும்பாலும் வாழை இனத்தைச் சேர்ந்த அபாகா நார் சேர்க்கப்படுவதால் நனைந்தாலும் கிழிவதில்லை. பையை அப்படியே உலர்த்தி, ஒரு முனையைத் திறந்து தூளை உதறிவிட்டு, தாளை மெல்ல நீவினால், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கறையோடு மணல் நிறத் தாள் கிடைக்கும். அதில் மெல்லிய பேனாவால் வரையலாம், நீர்வண்ணம் தீட்டலாம், பல தாள்களை மாவுப் பசையால் ஒட்டி விளக்குக் கூடாகவும் ஆக்கலாம். முக்கோண வடிவில் வரும் நைலான் பைகள் இதற்கு உதவா. தேயிலைப் பைகளின் மேலுறையைச் சதுரங்களாக வெட்டி மடித்து நட்சத்திரமாக அடுக்கும் கலை நெதர்லாந்தில் தோன்றி 1990-களில் மற்ற நாடுகளிலும் பரவியது. வாழ்த்து அட்டைகளுக்கு அது மிகவும் பொருந்தும். தகர டப்பாக்களைக் கொக்கி ஊசிகளும் நூலும் வைக்கப் பயன்படுத்தலாம். வெள்ளிமுலாம் பூசிய கரண்டிகளை வளைத்துக் கொக்கிகளாக்குவதானால் ஒரே முறையில் வளைத்துவிடுங்கள், முன்னும் பின்னும் வளைத்தால் முலாம் வெடிக்கும். பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தால் சிறுமேசையாக்கலாம். உட்புறம் ஈயத்தகடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் அதைச் சுரண்டாமல், மேலே பலகையிட்டு மூடிவிடுவதே முறை.

கிழிந்த விரிப்பை வெட்டும் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. ஒரே சுற்றாகப் பின்னிய வட்ட விரிப்பை நடுவே வெட்டினால் ஒவ்வொரு சுற்றும் அறுபட்டு, வெட்டிய ஓரம் முழுவதும் அவிழத் தொடங்கும். ஆனால் பெரிய மேசைவிரிப்புகள் பலவும் சிறுசிறு வட்டங்களையோ சதுரங்களையோ தனித்தனியாகப் பின்னி இணைத்தவை. பின்புறத்தைத் திருப்பி இணைப்புகளைப் பாருங்கள். ஊசியும் நூலும் கொண்டு தைத்து இணைத்திருந்தால், அந்தத் தையலை மட்டும் நறுக்கி நல்ல துண்டுகளை முழுதாக விடுவிக்கலாம். ஒரு மூலை எரிந்துபோன மேசைவிரிப்பிலிருந்து தட்டு விரிப்பு, கெண்டி உறையின் முகப்பு, சாசர் வட்டங்கள் என்று ஒரு கூட்டமே கிடைத்துவிடும். கடைசிச் சுற்றிலேயே பின்னி இணைத்திருந்தால் பிரிப்பது கடினம். அப்போது சேதமான துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதே பருமனில் புதிய துண்டு பின்னி நிரப்புவது நல்லது. எதுவும் முடியாது என்ற நிலையில், அதாவது நூலே பொடிந்து உதிரும் துணியில், வெட்டுவதில் குற்றமில்லை. அப்போதும் வெட்டவிருக்கும் கோட்டின் இருபுறமும் மெல்லிய வலைத்துணியோடு சேர்த்துத் தையல் ஓட்டிவிட்டுப் பிறகு கத்திரியை வையுங்கள்.

காட்சியில் இல்லாதவற்றை எப்படி வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சி நீக்கி, நன்றாக உலர்ந்த விரிப்புகளை மடிக்காமல், அமிலமற்ற டிஷ்யூ தாள் சுற்றிய அட்டைக்குழலில் உருட்டி வைக்க வேண்டும். சிறியவற்றைத் தாள் இடையிட்டுத் தட்டையாக அடுக்கலாம். மரப்பெட்டி என்றால் துணி மரத்தைத் தொடாதபடி உட்புறம் பருத்தித் துணி விரியுங்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி இதற்கு உகந்த இடமன்று. கம்பளி நூலால் ஆன உறைகள் இருந்தால் அவற்றைத் தனிப்பெட்டியில் வையுங்கள், ஏனெனில் அந்துப்பூச்சியின் புழு தேடுவது கம்பளியைத்தான், சுத்தமான பருத்தியை அது பொதுவாகத் தொடாது. காட்சியில் உள்ளதை மாற்றும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் இருப்பவற்றையும் வெளியே எடுத்து, விரித்துப் பார்த்து, வேறு பக்கமாக உருட்டி வைத்துவிடுங்கள்.